அம்மன் கழுத்தில் ஒரு பத்து யென்

அந்த மெஷின் பார்ப்பதற்கு, பாசாரில் சாமான்களுக்கு விலைச்சீட்டு ஒட்டுவார்களே, அந்தத் துப்பாக்கி மாதிரிதான் இருக்கிறது. நான் வேலை பார்த்த கடையில் இப்போது அதை வாங்கிவிட்டார்கள். காசின் மேல் வைத்து அமுக்கினால், எத்தனை பங்கு தங்கம், எத்தனை பங்கு செம்பு என்று சின்னத் திரையில் காட்டிவிடுமாம். கடைப் பிள்ளைகள் அதைப் படம் எடுத்து எனக்கு வாட்ஸாப்பில் அனுப்பி, "அக்கா, இனிமே உங்க தண்ணி டம்ளருக்கு வேலை இல்ல லா" என்று எழுதி, கூடவே கண்ணில் நீர் வரச் சிரிக்கும் மூஞ்சி ஒன்றையும் போட்டிருந்தார்கள்.

"சிரிங்கடா, நல்லா சிரிங்க" என்று பதில் போட்டேன். அதோடு விட்டிருக்கலாம். ஆனால் எனக்கு வாய் சும்மா இருக்காது. அந்த மெஷினை அவர்களுக்கு முன்னாலேயே நான் சந்தித்திருக்கிறேன். கிள்ளானில் அதை வைத்துக்கொண்டு ஒரு மனிதனைத் திருடனாக்கப் பார்த்தார்கள். இதைச் சொன்னதும், "சொல்லுங்கக்கா, சொல்லுங்கக்கா" என்று பிடித்துக்கொண்டார்கள். இவ்வளவையும் கைப்பேசியில் தட்டினால் கட்டைவிரல் கழன்றுவிடும். ஆகவே உட்கார்ந்து எழுதுகிறேன்.

என் பெயர் பிலோமினா. பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்தவள். ஞாயிற்றுக்கிழமை பூசையில் தூங்கி, அதற்காக அம்மாவிடம் தொடையில் கிள்ளு வாங்கி வளர்ந்த கத்தோலிக்கப் பெண். பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடைவரிசையின் மாடியில் பழைய காசு, பழைய நோட்டு வாங்கி விற்கும் கடை ஒன்று இருந்தது. அங்கே டைப்பிஸ்டாகச் சேர்ந்து, காசு பார்க்கிறவளாக ஓய்வு பெற்றேன். முதலாளி வள்ளியப்பன், செட்டியார் வீட்டுப் பிள்ளை. அவருடைய பெரியவர்கள் வட்டிக்கடை வைத்திருந்தார்கள். இவருக்கு அந்தத் தொழில் பிடிக்கவில்லை. "நகையைக் குடுக்க வரவங்க அழுவாங்க, காசு குடுக்க வரவங்க சிரிப்பாங்க" என்பார். அது பாதிதான் உண்மை. எங்களிடமும் நிறையப் பேர் அழுதிருக்கிறார்கள்.

எங்கள் கடையின் விசேஷம் ஜப்பான் தங்கக் காசு. சுத்தமாகப் புரியும்படி சொல்லிவிடுகிறேன். போன நூற்றாண்டின் தொடக்கத்தில், மெய்ஜி பேரரசர் காலத்திலும் அடுத்து வந்த தைஷோ பேரரசர் காலத்திலும் ஜப்பானில் ஐந்து யென், பத்து யென், இருபது யென் என்று தங்கத்தில் காசு அடித்தார்கள். ஒரு பக்கம் கதிர் விரியும் சூரியனும், அதைச் சுற்றி எந்தப் பேரரசரின் எத்தனையாவது ஆண்டு என்ற எழுத்தும் இருக்கும். மறுபக்கம் இலை வளையத்துக்குள் மதிப்பு. பேரரசர் தலை கிடையாது. பத்துக்கு ஒன்பது பங்கு தங்கம், ஒரு பங்கு செம்பு. பழைய சீன வியாபாரக் குடும்பங்களின் பெட்டிகளிலிருந்து எப்போதாவது ஒன்று வெளியே வரும். அதற்காகச் சில பேர் ஆண்டுக்கணக்கில் வாயைப் பிளந்து காத்திருப்பார்கள்.

என் பயிற்சியைப் பற்றிப் பெரிதாக எழுத ஒன்றுமில்லை. முதலில் முதலாளி என்னைக் காசைத் தொடவே விடவில்லை. பிறகு விளிம்பை மட்டும் தொட விட்டார். பிறகு கடையை என் தலையில் போட்டுவிட்டு மத்தியானம் தூங்கப் போக ஆரம்பித்தார்.

ஆனால் முறை என்றால் முறைதான். அதில் அவர் ராட்சசன். காசு வந்தால் முதலில் கையைக் கழுவித் துடைக்க வேண்டும். மோதிரங்களைக் கழற்ற வேண்டும், கல்யாண மோதிரம் உட்பட. "உங்க முதலாளி தினமும் காலையில நம்மளைப் பிரிச்சு வெச்சிட்டு, சாயங்காலம் சேத்து வெக்கிறான்" என்று என் வீட்டுக்காரர் அந்தோணி கிண்டல் செய்வார். மேசையில் கம்பளித் துணி விரித்து, அதன்மேல்தான் காசு. முதலில் வெறுங்கண்ணால் பார்க்க வேண்டும். அப்புறம் லென்ஸ். அப்புறம்தான் தராசு. தராசை முதலில் தொட்டால், "அது என்ன மீன் துண்டா, வந்தவுடனே நிறுத்துப் போட?" என்று விழுவார். கடைசியாக என்னுடைய தண்ணீர் டம்ளர். காசை நூலில் கட்டித் தண்ணீருக்குள் தொங்கவிட்டு மறுபடி நிறுப்பேன். காற்றில் ஒரு எடை, தண்ணீரில் ஒரு எடை. பித்தளை கலந்திருந்தால் இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளும்.

அவருக்கு இன்னும் இரண்டு பழக்கம் உண்டு. ஒன்று, காசு ஒருநாளும் கையிலிருந்து கைக்குப் போகக் கூடாது. வாடிக்கையாளர் துணியில் வைக்க வேண்டும், நாங்கள் எடுக்க வேண்டும். பார்த்து முடித்து நாங்கள் துணியில் வைப்போம், அவர் எடுத்துக்கொள்வார். நாளைக்கு யாரும், "நான் குடுத்தது வேற, நீ குடுத்தது வேற" என்று சொல்லக் கூடாது பாருங்கள். இரண்டாவது பழக்கம்தான் என் உயிரை வாங்கும். காசு நல்லதா கெட்டதா என்று அவர் வாயால் சொல்லவே மாட்டார். லென்ஸை வாடிக்கையாளரிடம் கொடுத்து, "நீங்களே பாருங்க" என்பார். "என்ன தெரியுது?" என்பார். அந்த ஆள் முழிப்பார். இவர் தேத்தண்ணி வரவழைப்பார். "இன்னொரு வாட்டி பாருங்க." இப்படியே, அந்த ஆள் தன் வாயாலேயே உண்மையைச் சொல்லும்வரை நடக்கும். பின்னால் நின்று நின்று எனக்குக் கால் மரத்துப்போகும். நானாக இருந்தால் ஒரே வார்த்தையில் சொல்லி அனுப்பிவிடுவேன். அதனால்தான் நான் முதலாளி ஆகவில்லை போலிருக்கிறது.

ஷா ஆலத்திலிருந்து ஒரு பேக்டரி மேனேஜர் வந்தார். வெளியூர்ப் பயணத்தில் இருபது யென் காசு ஐந்து வாங்கியிருந்தார். எடை சரி, தண்ணீர் சரி, தங்கம் சுத்தமான தங்கம். முதலாளி லென்ஸைக் கொடுத்து வழக்கம்போல ஆரம்பித்தார். இரண்டு தேத்தண்ணிக்குப் பிறகு அந்த மனிதருக்கே பட்டது. ஐந்து காசிலும் சூரியனுக்குக் கீழே ஒரே இடத்தில் ஒரே மாதிரி சின்னக் கீறல்.

"Five-லயும் இருக்கே boss?"

"ஆமா. அஞ்சு புள்ளைக்கும் ஒரே எடத்துல மச்சம் இருக்குமா?" என்றார் முதலாளி.

யாரோ ஒரு நல்ல காசை வைத்து அச்சு செய்து, நிஜத் தங்கத்திலேயே அடித்துத் தள்ளியிருந்தார்கள். பழைய காசுக்குத் தங்கத்தைவிட விலை அதிகம் பாருங்கள். தங்கம் நிஜம், காசு பொய். பிள்ளைகளே, உங்கள் துப்பாக்கி இதற்கு ஒன்றும் சொல்லாது. அது தங்கத்தை மட்டும்தான் பார்க்கும்.

நம் ஆட்கள் கொண்டுவரும் காசில் வேறொரு வியாதி. சேர்ப்பவர்கள் காசின் 'தோல்' என்று ஒன்றைச் சொல்வார்கள். அச்சிலிருந்து விழுந்தபோது இருந்த மேற்பரப்பு அது. அது இருந்தால்தான் விலை. சாலாக் செலாத்தானிலிருந்து ஓர் அக்கா ஓர் இருபது யென் காசு கொண்டுவந்தார். கைப்பையிலிருந்து வாழையிலைத் துண்டில் மடித்த பொட்டலத்தை எடுத்தார். பிரித்தால் காசு கண்ணைப் பறித்தது. நடுவில் மஞ்சள், அதன்மேல் குங்குமம்.

"அக்கா, இதைக் கழுவினீங்களா?" என்றேன்.

"பின்ன? நேத்தே புளி போட்டுத் தேய்ச்சு வெச்சிட்டேன். நாலு பேர் வர்ற கடைக்கு அழுக்கா கொண்டு வந்தா மரியாதையா இருக்குமா?"

நூறு வருஷமாகக் காத்த தோலை ஓர் எலுமிச்சை அளவு புளி தின்றுவிட்டிருந்தது. முதலாளி முகத்தைப் பார்க்க வேண்டுமே! அன்று அவருக்கே தேத்தண்ணி தேவைப்பட்டது. சீனர்கள் சிவப்புத் தாளில் சுற்றிப் பெட்டிக்குள் போட்டு மறந்துவிடுவார்கள். நம் ஆட்கள் தங்கத்தைச் சும்மா இருக்க விடமாட்டார்கள். குளிப்பாட்ட வேண்டும், பொட்டு வைக்க வேண்டும், முடிந்தால் வளையம் பற்றவைத்துக் கழுத்தில் மாட்ட வேண்டும்.

இப்போது எங்கள் டாக்டரைச் சொல்லிவிட்டுக் கிள்ளானுக்குப் போகலாம். டாக்டர் சாமுவேல் பங்சாரில் பல் மருத்துவராக இருந்து ஓய்வு பெற்றவர். மெதடிஸ்ட் சபையில் பெரிய ஆள். அவரிடம் ஒரு தேக்குப் பெட்டி இருந்தது. அதன் இழுப்பறைகளில் பச்சைத் துணியில் வட்ட வட்டமாகக் குழிகள், ஆண்டுக்கு ஒரு குழி. ஒவ்வொன்றிலும் ஒரு ஜப்பான் காசு. மூன்று குழிகள் மட்டும் காலி. அந்த மூன்றுக்காக அவர் வாரத்துக்கு இரண்டு முறை எங்கள் மாடிப்படி ஏறி மூச்சு வாங்குவார்.

"இருக்கிறது போதாதா டாக்டர்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"பிலோ, ஒரு பல் விழுந்துச்சுன்னா நாக்கு சும்மா இருக்குமா? அங்கயே போயிப் போயித் தொழாவும். அந்த மாதிரிதான்" என்றார்.

நான் ஓய்வு பெறுவதற்குச் சற்று முன்னால் ஒருநாள் கிள்ளானிலிருந்து போன் வந்தது. பேசியவர் ஒரு மாரியம்மன் கோயிலின் தலைவர். லோரி கம்பெனி வைத்திருப்பவர், டத்தோ என்ற கௌரவப் பட்டம் வாங்கியவர். கோயிலில் எல்லோரும் அவரை டத்தோ என்றுதான் கூப்பிடுவார்கள், கூப்பிடாவிட்டால் திரும்பமாட்டார். கும்பாபிஷேகத்துக்கு முன் அம்மன் நகைகளைச் சரிபார்த்தார்களாம். டத்தோவின் அக்கா மகன் ஓர் அடகுக் கடையில் வேலை. அங்கிருந்து இந்தத் துப்பாக்கி மெஷினை இரவல் வாங்கி வந்து, அம்மனின் காசுமாலையில் ஒவ்வொரு காசாக வைத்து அமுக்கியிருக்கிறான். எல்லாம் பிரிட்டிஷ் பவுன், எல்லாம் தொள்ளாயிரத்துப் பதினாறு, அதாவது ஆயிரத்துக்கு அத்தனை பங்கு தங்கம். ஒன்று மட்டும் தொள்ளாயிரம். எடுத்துப் பார்த்தால் அதில் ராஜா தலையும் இல்லை, ராணி தலையும் இல்லை. மழமழவென்று மொட்டை.

"நல்ல பவுனை எடுத்துட்டு மட்டமான மொட்டைக் காசை மாட்டிட்டான் சார். சாவி ஒரே ஆளுகிட்டதான் இருக்கு, பூசாரிகிட்ட. போன வெள்ளிக்கிழமை மைக்குலயே announce பண்ணிட்டேன். போலீஸ்ல report பண்ணப் போறேன். அதுக்கு உங்க கடை ஆள் வந்து பாத்து, இது பவுன் இல்லன்னு சொன்னா போதும்."

முதலாளி போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "ஏம்மா பிலோ, தொள்ளாயிரம். மத்த பவுனோட ஒண்ணா தொங்குது, அளவுல பெரிய வித்தியாசம் தெரியல. என்னவா இருக்கும்?"

"பத்து யென்னா இருக்கலாம் முதலாளி" என்றேன். பத்து யென் காசின் எடை எட்டே கால் கிராமுக்குக் கொஞ்சம் மேலே. பவுன் எட்டு கிராமுக்கு ஒரு துளி கீழே. கண்ணால் பார்த்தால் அண்ணன் தம்பி.

அப்போது பக்கத்து நாற்காலியில் டாக்டர் சாமுவேல் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தார். பிஸ்கட் பாதியில் நின்றுவிட்டது. "நானும் வரேன்" என்றார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் போனோம். கூட்டம் இருக்கும்போதே பார்க்க வேண்டும் என்பது டத்தோவின் ஏற்பாடு. டாக்டர் காரைவிட்டு இறங்க மாட்டேன் என்றார். சபை ஆட்கள் யாராவது பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்ற பயம். சரி, கிடக்கட்டும் என்று விட்டுவிட்டு நாங்கள் உள்ளே போனோம். கொஞ்ச நேரத்தில் வாசலில் சத்தம். டாக்டர் சப்பாத்தோடு உள்ளே நுழையப் பார்த்து, ஒரு பாட்டியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தார். சப்பாத்தைக் கழற்றியபோது ஒரு காலுறையில் பெருவிரல் எட்டிப் பார்த்தது.

மண்டபத்தில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். பூசை முடிந்து சுண்டலுக்காகக் காத்திருப்பவர்கள். ஆனால் அன்று யார் கண்ணும் சுண்டல் அண்டாவில் இல்லை. முனியாண்டி பூசாரி கருவறை வாசலில் நின்றிருந்தார். ஒல்லியான ஆள், அறுபதைத் தாண்டியவர். ரப்பர் தோட்டத்தில் கோயில் இருந்த காலத்திலிருந்து இதே அம்மனுக்குப் பூசை செய்பவர். தோட்டத்தை விற்று வீடுகள் கட்டியபோது அம்மனைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்ததே அவர்தான் என்று ஓர் அம்மா என் காதில் சொன்னார். அதே அம்மாதான் அடுத்த மூச்சில், "இருந்தாலும் யாரைத்தான் நம்புறது, சொல்லுங்க?" என்றார். எனக்கு ஆத்திரம் வந்தது. தூக்கிச் சுமந்தவனையே சந்தேகப்பட எப்படித்தான் இவர்களுக்கு மனசு வருகிறதோ.

பூசாரி எங்களைப் பார்த்ததும் கும்பிடவில்லை. உள்ளே திரும்பி அம்மனைப் பார்த்து, "ஆளு வந்தாச்சு. எம்புட்டு நாளா என் கையால தின்னுருக்க. இப்பவாவது வாயத் தொறந்து ஒரு வார்த்தை சொல்லித் தொலையேண்டி" என்றார். பிறகு காசுமாலையைக் கழற்றிப் பித்தளைத் தட்டில் வைத்துக் கொண்டுவந்தார்.

சுண்டல் மேசையைத் துடைத்து நான் கம்பளித் துணியை விரித்தேன். டத்தோ மாலையைத் தட்டிலிருந்து எடுக்கப் போனார். முதலாளி கையை நீட்டித் தடுத்தார். "நீங்க தொட வேணாம் டத்தோ, நாங்களும் தொட மாட்டோம். பூசாரி, நீங்களே பிடிங்க. ஒவ்வொரு காசா காட்டுங்க."

அவர் பிடித்தார், நான் லென்ஸில் பார்த்தேன். பவுன்களில் ராஜா தலை வெளிப்பக்கம். எல்லா ராஜாவுக்கும் மூக்கு தேய்ந்து, காது தேய்ந்து, தாடி தேய்ந்து, எல்லோரும் ஒரே குடும்பத்து வழுக்கை மாதிரி ஆகிவிட்டிருந்தார்கள். கடைசியில் அந்த மொட்டைக் காசு. நல்ல வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் ஓரத்தில் இலை வளையத்தின் நிழல் போல ஏதோ ஒன்று. அவ்வளவுதான்.

"பூசாரி, இதை எப்படிச் சுத்தம் பண்றீங்க?" என்று முதலாளி கேட்டார்.

பூசாரி தலையைச் சொறிந்தார். "வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம புளியும் சாம்பலும் போட்டுத் தேய்ப்பேங்க."

"கழட்டி வெச்சா?"

"அது வந்து..." குரல் இறங்கிவிட்டது. "கழட்டினா மறுபடி பூட்டுறது பெரிய ரோதனைங்க. கொக்கி பொல்லாதது. அதனால கழுத்துல இருக்கறப்பவே முன்னாடி மட்டும் தேய்ச்சி விட்டுருவேன். பின்பக்கத்த யாரு பாக்கப் போறா?"

பெண்கள் பக்கத்திலிருந்து, "அடப்பாவி" என்று ஒரு குரல். ஆனால் முதலாளியின் முகம் மாறியது. எனக்கும் புரிந்துவிட்டது. "திருப்புங்க" என்றார்.

பூசாரி மாலையைத் திருப்பினார். அம்மன் நெஞ்சோடு ஒட்டிக் கிடந்த பக்கம் முழுக்கச் சந்தனமும் எண்ணெயும் படிந்து கறுப்பாக இருந்தது. முதலாளி சொன்னபடி பூசாரியே ஈரப் பஞ்சால் ஒற்றி ஒற்றி எடுத்தார். ஒவ்வொரு பவுனிலும் குதிரையும் வீரனும் புதுசு போலத் துள்ளிக்கொண்டு வந்தார்கள். கடைசியாக மொட்டைக் காசின் பின்பக்கம். சந்தனம் போகப் போக ஒரு கதிர், இன்னொரு கதிர், பிறகு முழுச் சூரியன். சுற்றிலும் எழுத்துகள். நேற்று அடித்தது போல. என் தொழிலில் நான் பார்த்த அருமையான தோல்களில் அதுவும் ஒன்று. அது இத்தனை காலம் கிள்ளானில் ஓர் அம்மனின் நெஞ்சில் முகம் புதைத்துக் கிடந்திருக்கிறது.

என் பின்னால் டாக்டர் எழுத்துகளை வாய்க்குள் படித்தார். அவருடைய மூன்று குழிகளில் ஒன்றின் ஆண்டு அது. அவர் மூச்சு என் கழுத்தில் பட்டது.

முதலாளி லென்ஸை டத்தோவிடம் நீட்டினார். "நீங்களே பாருங்க."

டத்தோ பார்த்தார். "சூரியன் இருக்கு."

"பக்கத்துப் பவுனைப் பாருங்க. முன்னால எப்படி, பின்னால எப்படி?"

"முன்னால தேஞ்சிருக்கு. பின்னால புதுசு."

"இதுல?"

"இதுலயும்... முன்னால தேஞ்சிருக்கு. பின்னால புதுசு."

"வளையத்தைப் பாருங்க. மத்த காசுல பத்தவெச்ச கைதானே இதுலயும்? எங்கயாச்சும் புதுசா நெருப்பு பட்ட தடம் தெரியுதா?"

"இல்ல."

"அப்போ?"

டத்தோ லென்ஸைக் கண்ணிலிருந்து எடுக்காமல் நின்றார். பார்க்க ஒன்றுமில்லை, ஆனால் எடுத்தால் பதில் சொல்ல வேண்டுமே. முதலாளி வழக்கம்போலக் காத்திருந்தார். எனக்குத் தாங்கவில்லை.

"அப்போ யாரும் எதையும் மாத்தல டத்தோ!" என்று கத்திவிட்டேன். "மாலை கட்டின நாள்லேர்ந்து இது இங்கதான் தொங்குது. கிட்டத்தட்ட பவுன் எடைங்கறதால ஆசாரி பவுன்னு நெனச்சுக் கோத்திருக்காரு. மொட்டையடிச்சது திருடன் இல்ல, புளி. இவரு சோம்பேறித்தனமா முன்பக்கம் மட்டும் தேய்ச்சாரே, அதுதான் சாட்சி!"

முதலாளி என்னை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வைக்குச் சம்பளம் கிடையாது என்று அர்த்தம். பரவாயில்லை. பூசாரி தட்டைப் பிடித்தபடியே கண்ணை மூடிக்கொண்டார். மெஷின் பொய் சொல்லவில்லை, அதையும் சொல்ல வேண்டும். தொள்ளாயிரம் என்றால் தொள்ளாயிரம்தான். மட்டம் என்று அது சொன்னதா? அதை டத்தோவே சேர்த்துக்கொண்டார்.

டத்தோ பூசாரியிடம் ஏதாவது சொல்வார் என்று எல்லோரும் பார்த்தோம். அவர் முதலாளி பக்கம் திரும்பி, "அப்ப இது என்னா காசு?" என்றார்.

முதலாளி வாய் திறக்கும் முன் டாக்டர் குறுக்கே விழுந்துவிட்டார். ஜப்பான் காசு, இந்த ஆண்டு கிடைப்பது கஷ்டம், தன்னிடம் இது ஒன்று இல்லை என்று கொட்டித் தீர்த்தார். "டத்தோ, நான் அம்மனுக்கு ஒரு நல்ல பவுன் வாங்கித் தரேன். அதுக்கு மேல கோபுரத்துக்கு வர்ணம் அடிக்கிற செலவு முழுக்க என்னோடது. இதை எனக்குக் குடுத்துடுங்க."

"டாக்டர், வளையம் பத்தவெச்ச காசு. ஒரு பக்கம் தோல் இல்ல" என்று மெல்ல எச்சரித்தேன்.

"கட்டின பல்லா இருந்தாலும் பரவால்ல பிலோ. வாய் நெறையணும்" என்றார். பாவம், எனக்கு அவரைப் பார்க்கவும் பாவமாகத்தான் இருந்தது.

டத்தோவின் முகத்தில் கோபுரம் முழுக்க வர்ணம் அடித்து முடிந்துவிட்டது. "நல்லதுதானே லா! அம்மனுக்குப் பவுனுக்குப் பவுன் ஆச்சு, கோபுரமும் ஆச்சு. பூசாரி, அந்தக் காசைக் கழட்டு."

பூசாரி மாலையைத் தட்டில் விட்டுவிட்டு டத்தோவை நிமிர்ந்து பார்த்தார்.

"என்னா பாக்கற? கொறடு வேணுமா? கழட்டுப்பா."

பூசாரி தட்டை மேசையில் வைத்தார். மெதுவாக நடந்து, தூணுக்குப் பக்கத்திலிருந்த மைக்கைத் தாங்கியோடு தூக்கிக்கொண்டு வந்து டத்தோவின் முன்னால் நட்டார். பட்டனைத் தட்டினார். மண்டபத்தில் 'டொக்' என்று கேட்டது.

"கழட்டறேன் டத்தோ" என்றார். "போன வெள்ளிக்கெழம இதே எடத்துல நின்னு, அம்மன் கழுத்துலேர்ந்து காசக் கழட்டினவன் திருடன்னு இதுலதான் சொன்னீங்க. எம் பேத்தி அங்க உக்காந்து கேட்டுக்கிட்டு இருந்துச்சு. இப்பயும் கழட்டப் போறேன். யாரு கழட்டச் சொன்னாங்க, எதுக்குக் கழட்டறேன்னு, நீங்களே உங்க வாயால இதுல சொல்லிடுங்க. ஒடனே கழட்டித் தரேன்."

மைக் இவை எல்லாவற்றையும் தெருமுனை வரை கொண்டுபோனது. எல்லோரும் டத்தோவைப் பார்த்தார்கள். அவர் டாக்டரைப் பார்த்தார். டாக்டர் தன் காலுறையைப் பார்த்தார். டத்தோவின் அக்கா மகன், அந்த அடகுக் கடைப் பையன், துப்பாக்கி மெஷினைப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தான். அந்தச் சத்தம்கூடக் கேட்டது.

முதலாளிக்கு இந்த வியாபாரம் முடிந்தால் நல்ல கமிஷன். எனக்கும் ஏதாவது விழுந்திருக்கும். அவர் கம்பளித் துணியை நான்காக மடித்து என்னிடம் கொடுத்தார். "நம்ம வேலை முடிஞ்சிச்சும்மா" என்றார். டாக்டரும் தலையாட்டினார். அந்தக் குழி அவருடைய பெட்டியில் இன்றைக்கும் காலியாகத்தான் இருக்கிறது. அவருடைய நாக்கு எங்கே போய்த் துழாவுகிறதோ, அது அவர் பாடு.

டத்தோ மைக்கைப் பிடித்தார். தொண்டையைச் செருமினார். "பக்தகோடிகளே" என்று ஆரம்பித்து, ஒருமுறை நிறுத்தி, மறுபடி, "பக்தகோடிகளே" என்றார். "அம்மனோட காசு... நிபுணர்கள் வந்து பாத்துட்டாங்க. காசெல்லாம் சரியா இருக்கு. ஒண்ணும் கொறையல."

மைக்கை வைக்கப் போனார். பூசாரி அதன்மேல் கை வைத்தார்.

"காசு சரி டத்தோ. ஆளு?"

முன்வரிசையில் சற்று முன்பு, யாரைத்தான் நம்புவது என்று கேட்ட அம்மாவே இப்போது, "சொல்லுங்க டத்தோ, சொல்லுங்க" என்றார். இன்னும் இரண்டு பேர் சேர்ந்துகொண்டார்கள்.

"பூசாரியும்" என்றார் டத்தோ. "பூசாரி முனியாண்டியும் சரியாத்தான் இருக்காரு. அவரு எதையும் எடுக்கல. நான் சொன்னது தப்பு."

பூசாரி தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். கழுத்தில் மாலையை வைத்துவிட்டுக் கொக்கியைப் பூட்டப் பார்த்தார். முடியவில்லை. கொக்கியைக் கையில் பிடித்தபடியே அம்மனின் தோளில் நெற்றியை முட்டி நின்றார். முதுகு குலுங்கியது.

"கேட்டியாடி?" என்றார். "கேட்டியா?"